மின்விசிறி இருந்த அறை

ஏப்ரல் 28

கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய பதிவேடு வேறு. அதில் "களப்பணி, காலை 9 முதல் மாலை 5 வரை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும். இந்த நோட்டு எனக்கு.

கோயம்புத்தூரிலிருந்து ரயில். தூத்துக்குடியில் இறங்கி டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் உப்பளங்கள். வெள்ளை வெள்ளையாய்க் குவியல்கள். கண் கூசியது. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டேன்.

அலைக்கரம் அறக்கட்டளை உப்பளத் தொழிலாளர்களின் கண்ணுக்கும் காலுக்கும் வைத்தியம் பார்க்க உதவுகிறது. இயக்குநர் தேவசகாயம் சார். "ஆபீஸ் பின்னால ரூம் இருக்கும்மா. ஆனா ஜனங்களோட தங்கினாத்தான் ஜனங்க புரியும்" என்றார். எனக்கும் அதுதான் பிடித்தது.

மகளிர் குழுத் தலைவி பேச்சியம்மா வீட்டில் இடம். அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடு. பின்னால் சமையலுக்குத் தகரச் சாய்ப்பு. "இந்த ரூம்பு ஒங்களுக்கு பாப்பா. நாங்க பின்னால படுத்துக்குவோம். எங்களுக்குப் பழக்கந்தான்" என்றார் பேச்சியம்மா. வீட்டில் அவரும் மகள் சண்முகக்கனியும் மட்டும்தான். கனி ஒரு துணிப்பையையும் இரண்டு அட்டைப்பெட்டிகளையும் அறையிலிருந்து எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

அறையில் மின்விசிறி, டியூப் லைட். மேசை நாற்காலிகூட இருக்கிறது. எனக்காகவே வாங்கிப் போட்டிருப்பார்கள் போல. எவ்வளவு நல்ல மனிதர்கள்!

ஏப்ரல் 30

தண்ணீர் உப்புக் கரிக்கிறது. தலைமுடி கயிறு மாதிரி ஆகிவிட்டது.

மே 3

அளத்துக்குப் போனேன். உப்பளத்தை இங்கே அளம் என்கிறார்கள். காலை ஐந்து மணிக்கே வேலை தொடங்கிவிடுகிறது. பெண்கள் பாத்தியில் வாரிய உப்பைத் தலையில் சுமந்து கரையில் கொட்டுகிறார்கள். கால் விரல் இடுக்கெல்லாம் புண். பேச்சியம்மாவுக்கு இடது கண்ணில் பார்வை பாதிதான். ஆபரேஷனுக்கு சார் எழுதிப் போட்டிருக்கிறாராம்.

அறக்கட்டளை கொடுத்த கறுப்புக் கண்ணாடியை ஏன் போடவில்லை என்று கேட்டேன். "வேர்வ எறங்கி மூடிக்கிடும் பாப்பா. பாத தெரியாம பாத்தியில விழவா?" என்றார். குறித்துக்கொண்டேன்.

என் வேலை நூற்றிருபது வீட்டில் சர்வே எடுப்பது. கனி மதியத்துக்கு மேல் என்னோடு வருவாள் என்று சார் சொல்லிவிட்டார். அவளும் காலையில் அம்மாவோடு அளத்துக்குப் போகிறாள். பன்னிரண்டு மணிக்குத் திரும்புகிறாள்.

மே 7

அம்மா போன் செய்தாள். "ஃபேனு இருக்குதா கண்ணு? கொசுவலை கட்டிக்கிறயா?" எல்லாம் இருக்கிறது என்றேன். அப்பா வாங்கிக்கொண்டு, "இந்த மாதிரி அனுபவம் காசு குடுத்தாலும் கிடைக்காது ப்ரணி" என்றார்.

மத்தியானம் சாப்பிட்டதும் கண் சொக்குகிறது. மூன்றரை வரை தூங்கிவிட்டுத்தான் சர்வேக்குக் கிளம்ப முடிகிறது. கனி வெளியே காத்திருந்தாள். எழுப்பியிருக்கலாமே என்றேன். "பரவால்ல மேடம்."

மேடம் என்று கூப்பிடாதே, ப்ரணிதா என்று சொல் என்று பத்துத் தடவை சொல்லிவிட்டேன். கேட்க மாட்டேன் என்கிறாள்.

மே 11

ரேஷன் கடை இன்று திறக்கவில்லை. சோப்பு வாங்கப் போகும்போது அதன் படிக்கட்டில் கனி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கையில் ஏதோ புத்தகம். என்னைக் கண்டதும் மூடிக்கொண்டாள். "என்ன கனி, காதல் கடிதமா?" என்று கேட்டேன். சிரித்தாள். "சும்மா மேடம். வீட்டுக்குள்ள புழுக்கமா இருந்துச்சு."

அவளுடைய வீட்டில் எனக்குப் புழுக்கமே இல்லையே என்று நினைத்தேன். சாய்ப்பில் விசிறி கிடையாது என்பது பிறகுதான் தோன்றியது. சாரிடம் ஒரு மேசை விசிறி கேட்க வேண்டும்.

மே 16

கனி இல்லாமல் இந்த சர்வே நடக்காது. நான் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். அவள் கேட்டால் காலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அதனால் தினமும் ஆறரை வரைக்கும் கூடவே வைத்துக்கொள்கிறேன். திரும்பி வந்ததும் அவள் தண்ணீர் பிடிக்க வேண்டும், சோறு வடிக்க வேண்டும். நான் லேப்டாப்பில் ஏற்றி முடிக்கிறேன். நல்ல கூட்டணி.

விசிறி பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

மே 20

அறுபத்தெட்டு வீடு முடிந்தது.

மே 24

கனி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "மேடம், நாளைக்கு நான் வரல. டவுன்ல ஒரு சோலி இருக்கு."

"ஐயோ கனி, ஞாயிற்றுக்கிழமைதானே எல்லாரும் வீட்டில இருப்பாங்க. நாளைக்கு விட்டா கிழக்குத் தெரு அப்படியே நின்னுடும். திங்கக்கிழமை போயேன்."

"சரி மேடம்."

மே 26

கனி இன்று டவுனுக்குப் போகவில்லை. வேலை அவ்வளவு முக்கியம் இல்லை போல.

மே 31

இடைக்கால அறிக்கை அனுப்பினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி எனக்கே பிடித்தது. "ஒரு தொழிலாளர் குடும்பத்தோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்ததே இந்தப் பயிற்சியின் உண்மையான பாடம். இனி வரும் எல்லாப் பயிற்சி மாணவர்களுக்கும் வீடுகளில் தங்கும் வாய்ப்பை அறக்கட்டளை அளிக்க வேண்டும்." சார் போனில் கூப்பிட்டுப் பாராட்டினார்.

ஜூன் 7

அம்மாவும் அப்பாவும் காரில் வந்தார்கள். திருச்செந்தூர் போகிற வழியில் என்னைப் பார்க்க. பேச்சியம்மா அளத்துக்குப் போகாமல் நின்றுகொண்டார். சீலா மீன் குழம்பு, நண்டு வறுவல், ரசம், அப்பளம். கனி காலையிலிருந்து அம்மியில் அரைப்பதும் மீன் கழுவுவதுமாக இருந்தாள். எனக்கே கூச்சமாகிவிட்டது. உதவட்டுமா என்று கேட்டேன். "நீங்க அவியகூடப் பேசிக்கிட்டு இருங்க மேடம்" என்றாள்.

அம்மாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. "என்ன படிச்சிருக்கே கண்ணு?"

"பி.ஏ. வரலாறு."

"அட! அப்ப ஏதாச்சும் பரிச்சை எழுதி கவர்மெண்டு வேலைக்குப் போலாமே? இந்த உப்புல கிடந்து ஏன் கஷ்டப்படோணும்?"

பேச்சியம்மா, "நாளைக்குத்தாம்மா..." என்று ஏதோ ஆரம்பித்தார். "எம்மா, அப்பளம் கருகுது" என்றாள் கனி. பேச்சியம்மா உள்ளே ஓடினார்.

ஆறு மணிக்குத்தான் கிளம்பினார்கள். கார் தெருமுனை திரும்பும்வரை காலனியே நின்று பார்த்தது. கனி பாத்திரங்களைக் குழாயடிக்கு எடுத்துப் போனாள். மனசு நிறைந்திருக்கிறது.

ஜூன் 8

ஒன்பது மணிக்கு எழுந்தேன். கனி இல்லை. டவுனுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்குத் துணி துவைக்கக் குழாயடிக்குப் போனபோது பக்கத்து வீட்டு லூர்தக்கா குடம் பிடித்துக்கொண்டிருந்தார். கனி எங்கே போனாள் என்று சும்மாதான் கேட்டேன்.

"பரிச்சைக்கு. ஒங்களுக்குத் தெரியாதா?"

"என்ன பரிச்சை?"

"குரூப் ஃபோர். மூணாவது தடவ. போன தடவ ரெண்டே ரெண்டு கேள்வியில போச்சு. இந்தத் தடவ எப்படியும் அடிச்சிருவேன்னுதான் இருந்தா." குடத்தை இறக்கி வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க இருக்கீயள்லா, அந்த ரூம்புதான் அவ படிக்கிற ரூம்பு. மத்தியானம் கதவச் சாத்துனான்னா விளக்கு வைக்கிற வரைக்கும் தெறக்க மாட்டா. மேச நாற்காலி எல்லாம் அவளுக்குப் போட்டது. நீங்க வந்தீய, அவ ரேசங்கடப் படிக்குப் போனா. அங்கயும் இருக்க விடாம சர்வே எடுக்கக் கூட்டிட்டுப் போனீய."

"யாரும் எங்கிட்ட சொல்லலையே அக்கா."

"எப்படிச் சொல்லுவாவ? சார் கேட்டா முடியாதுங்க முடியுமா? பேச்சி கண்ணு ஆப்பரேசனுக்கு அவிய கையெழுத்துல்லா வேணும். நான் வம்புக்கு நிக்கல பாப்பா. கேட்டீய, சொல்லுதேன்."

துவைத்தேனா இல்லையா என்று நினைவில்லை. வாளியோடு திரும்பி வந்து அறை வாசலில் நின்றேன். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அணைக்காமலே போயிருக்கிறேன்.

ஜூன் 9

அவள் அளத்திலிருந்து வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். வாளித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பரிச்சை எப்படி எழுதியிருக்கீங்க?"

நீங்க என்றது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவளுக்கு இருபத்தாறு வயதாம். எனக்கு இருபத்தொன்று. லூர்தக்கா சொல்லித்தான் அதுவும் தெரியும்.

"எழுதிருக்கேன். கணக்குலதான் நேரம் பத்தல. பழக்கம் விட்டுப் போச்சு."

"அன்னிக்கு டவுன்ல வேலைன்னு சொன்னீங்களே..."

"மாதிரித் தேர்வு. லைப்ரரில வச்சாவ."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே கனி."

"என்னன்னு சொல்ல? எந்திரிச்சு வெளிய போங்கன்னா?" கோபமாகச் சொல்லவில்லை. விரல் இடுக்கில் கசியும் புண்ணைத் துணியால் ஒற்றிக்கொண்டே சொன்னாள். "நீங்க நல்ல மாதிரி மேடம். மொகம் சுழிச்சதில்ல, ஒரு வார்த்த ஏசினதில்ல. அதனாலதான் சொல்ல முடியல. மோசமான ஆளா இருந்தா எங்கம்மையே அனுப்பிருப்பா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பதறி எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். "அழாதீங்க. அம்மா பாத்தா நான்தான் ஏதோ சொல்லிட்டேன்னு என்னயப் போட்டு ஏசுவா."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் அழுகைக்கும் அவள்தான் ஓடியாட வேண்டியிருக்கிறது.

ஒன்றை எழுதிவிட வேண்டும். மே 11 அன்று "கையில் ஏதோ புத்தகம்" என்று எழுதியிருக்கிறேன். அது பொய். அட்டையை நான் பார்த்தேன். போட்டித் தேர்வுக்கான பொது அறிவுப் புத்தகம். பெரிய எழுத்தில் இருந்தது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். தெரிந்தால் அறையை விட வேண்டியிருக்கும் என்பதும் எனக்குள் எங்கோ தெரிந்திருந்தது. அதனால்தான் காதல் கடிதமா என்று கேலி பேசினேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. இதிலும் நான் பொய் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 10

தனியாக சர்வேக்குப் போனேன். ஒன்பது வீட்டில் ஆறு வீட்டுக்காரர்கள் அப்புறம் வரச் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 12

ஆபீஸ் பின்னறைக்கு மாறிவிட்டேன். சாரிடம் காரணத்தைச் சொன்னேன். "அப்படியா? அந்தப் பொண்ணு பரிச்சை எழுதுறது எனக்கும் தெரியாதும்மா. சொல்லியிருந்தா வேற வீடு பாத்திருப்பேனே" என்றார். வேறு வீட்டில் யாருடைய அறையாக இருந்திருக்கும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பெட்டியை எடுக்கும்போது பேச்சியம்மா வாசலை மறித்து நின்றார். "சாப்பாடு ஒத்துக்கலயா பாப்பா? கனி ஏதும் துடுக்காப் பேசினாளா?"

"இல்லம்மா. அறிக்கை எழுதணும். கம்ப்யூட்டர் அங்கதான் இருக்கு."

நம்பவில்லை. பாதிப் பார்வைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "சார் கேட்டா நாங்க நல்லாப் பாத்துக்கிட்டோம்னு சொல்லிருங்க" என்றார். நான் அங்கே இருந்ததும் அவர்களுக்குக் கஷ்டம். இப்போது கிளம்புவதும் கஷ்டம்.

பின்னறையில் கட்டில், இரண்டு மின்விசிறி, தனிக் குளியலறை. ஏப்ரலிலிருந்து காலியாகத்தான் கிடந்திருக்கிறது.

ஜூன் 19

நாளை ஊருக்கு. சொல்லிக்கொள்ளப் போனேன். பேச்சியம்மா கருவாட்டுப் பொட்டலம் கொடுத்தார். கனி அறைக்குள் மேசையைச் சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மதுரையில் நல்ல பயிற்சி நிலையம் இருக்கிறது, அப்பா சேர்த்துவிடுவார் என்று சொன்னேன். இரண்டு நாளாகப் பேசிப் பார்த்து மனப்பாடம் செய்த வாக்கியம். அவள் முழுக்கக் கேட்டாள்.

"புஸ்தகம் இருக்கு மேடம். சொல்லிக் குடுக்க லைப்ரரி சார் இருக்காவ. உக்கார எடந்தான் இல்லாம இருந்துச்சு. அதுவும் இப்ப வந்துட்டுல்லா."

ஜூலை 15

கல்லூரியில் வாய்மொழித் தேர்வு. எனக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண். பேராசிரியை, வீட்டில் தங்கியது பற்றிய அந்தப் பத்தியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

அக்டோபர் 23

முடிவு வந்துவிட்டது என்று செய்தியில் பார்த்தேன். கனியின் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பேச்சியம்மா எடுத்தார்.

"இல்ல பாப்பா. போன தடவய விடத் தள்ளிப் போச்சு. ஒங்களச் சொல்லி என்ன? அவ தலையெழுத்து அப்படி."

இல்லை அம்மா, நான்தான் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதில், "கண் ஆபரேஷன் ஆச்சா?" என்று கேட்டேன். ஜனவரியில் என்றார்.

நவம்பர் 6

அலைக்கரத்திலிருந்து தபாலில் ஆண்டு மலர் வந்தது. ஆறாம் பக்கத்தில் என் புகைப்படம், பக்கத்தில் பேச்சியம்மா. கீழே கட்டம் கட்டி அந்தப் பத்தி. "இந்தப் பரிந்துரையை ஏற்று, ஜனவரி முதல் மூன்று மாணவர்கள் மூன்று வீடுகளில் தங்குவார்கள்."

சாருக்குப் போன் செய்தேன். "சார், அந்தப் பத்தியை நான் திரும்ப வாங்கிக்கிறேன்."

"அச்சாகி எல்லாருக்கும் போயிடுச்சேம்மா. நீ ரொம்ப மனசைப் போட்டு உழப்பிக்கிற. மக்கள் சந்தோஷமாத்தான் சம்மதிச்சிருக்காங்க."

"பேச்சியம்மாவுமா?"

"முதல்ல சரின்னது அவங்கதான்."

மூன்று பக்கக் கடிதம் எழுதி அனுப்பினேன், எல்லாவற்றையும் சொல்லி. பேராசிரியைக்கும் ஒரு பிரதி. பேராசிரியை, "முதிர்ச்சியான சிந்தனை" என்று பதில் போட்டார்.

நவம்பர் 9

ஞாயிறு. மதியம் கனிக்குப் போன் அடித்தேன். இந்த முறை எடுத்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். நான் எழுதிய பத்தியால்தான் ஜனவரியில் ஆள் வரப்போகிறது, அன்றைக்கு எனக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன், உங்கள் மதிப்பெண் குறைந்ததற்கு நான்தான் காரணம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் சத்தம் கேட்டது. "தெரியும்" என்றாள்.

"எது?"

"நீங்க அட்டயப் பாத்தது. நான்தான் பாத்துக்கிட்டு இருந்தேனே ஒங்க கண்ண."

அவளே தொடர்ந்தாள்.

"வருத்தம் இருந்துச்சு. இப்பமும் இருக்கு, இல்லங்கல. ரிசல்ட்டு வந்த அன்னைக்கு நீங்க போன் பண்ணினீயள்லா, நான் பக்கத்துலதான் இருந்தேன். பேசப் பிடிக்கல."

"ஜனவரியில யாரையும் விடாதீங்க கனி. நான் சார்கிட்ட சொன்னேன், கேக்க மாட்டேங்கிறார். நான் வேணா நேர்ல வந்து..."

"வேண்டாம். நான் போயிச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"எங்க வீட்டுல எடம் இல்ல சார், நான் படிக்கணும்னு. வெள்ளிக்கெழம ஆபீசுக்கே போயி நின்னுக்கிட்டுச் சொன்னேன். அம்மா ரெண்டு நாளா எங்கூடப் பேசல. ஆப்பரேசனு தள்ளிப் போயிருமோன்னு பயப்படுதா. போனா போட்டும், பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்னுட்டேன்."

"சார் என்ன சொன்னார்?"

"லூர்தக்கா வீட்டக் கேட்டிருக்காவளாம்."

லூர்தக்கா வீட்டில் பத்தாவது படிக்கிற பெண் இருக்கிறாள். அதை நான் சொல்லத் தொடங்குவதற்குள் அவளே, "அதயும் நாங்க பேசிக்கிடுதோம்" என்றாள். பிறகு, "மணி மூணாவுது. வச்சிருதேன், படிக்கணும்."

நான் சரி என்று சொல்வதற்காக அவள் காத்திருக்கவில்லை. வைத்துவிட்டாள்.